சேலத்திலிருந்து டெல்லிக்கு ஒரு லோடு: வண்டி எடுக்கும் முன் போட வேண்டிய கணக்கு

சொந்தமாக ஒரு பத்துச் சக்கர லாரி வாங்கி, முதன்முறையாக வடக்கே லோடு அனுப்பப் போகிறவர்களுக்கு இந்தக் கட்டுரை. உதாரணத்துக்குச் சேலத்திலிருந்து டெல்லிக்குப் போகும் ஜவ்வரிசி லோடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். தேசிய நெடுஞ்சாலை 44 வழியாகச் சுமார் 2,300 கிலோமீட்டர். தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம் என்று வரிசையாகத் தாண்டுவீர்கள். அதன் பிறகுதான் வேடிக்கை. லலித்பூர், ஜான்சி உத்தரப் பிரதேசம். குவாலியர், மொரேனா மறுபடியும் மத்தியப் பிரதேசம். தோல்பூரில் கொஞ்ச தூரம் ராஜஸ்தான். ஆக்ரா, மதுரா திரும்பவும் உத்தரப் பிரதேசம். அப்புறம் ஹரியானா, டெல்லி. கடைசி 500 கிலோமீட்டருக்குள் மட்டும் இத்தனை எல்லை. ஒரு தாளில் தேதி தாண்டியிருந்தால் ஏதாவது ஒரு இடத்தில் கேள்வி வரும்.

முதலில் வண்டியின் தாள்கள்

ஆர்.சி. (பதிவுச் சான்று), இன்சூரன்ஸ், எஃப்.சி. (தகுதிச் சான்று), பெர்மிட், நேஷனல் பெர்மிட் அங்கீகாரம், சாலை வரி, புகைச் சான்று, டிரைவரின் லைசென்ஸ். எட்டையும் எடுத்து, முடியும் தேதிகளை மட்டும் ஒரு காகிதத்தில் எழுதுங்கள். புறப்படும் நாளில் செல்லுபடியானால் போதாது. ரிட்டன் லோடு பிடித்து ஊர் திரும்ப இருபது, இருபத்தைந்து நாள்கூட ஆகலாம். அதனால் அன்றிலிருந்து 30 நாளுக்குள் முடிகிற எதையும் கிளம்பும் முன்பே புதுப்பித்துவிடுங்கள்.

புதியவர்கள் அதிகம் குழம்புவது பெர்மிட்டில்தான். பெர்மிட் 5 ஆண்டுக்கு இருக்கும். ஆனால் வெளி மாநிலம் போக உதவும் நேஷனல் பெர்மிட் அங்கீகாரம் ஓராண்டுக்குத்தான். அதற்கான கூட்டுக் கட்டணம் ஆண்டுக்கு 16,500 ரூபாய். "பெர்மிட் 2028 வரை இருக்கு" என்று நம்பி, அங்கீகாரம் முடிந்ததைக் கவனிக்காமல் ஓசூரைத் தாண்டினால் அது பெர்மிட் இல்லாத வண்டிதான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்கு அபராதம் 10,000 ரூபாய், சிறையும் சட்டத்தில் உண்டு. எஃப்.சி. கணக்கு வேறு: வண்டிக்கு 8 வயது ஆகும்வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதன் பிறகு ஆண்டுதோறும்.

தாள்களை டிஜிலாக்கர் அல்லது எம்-பரிவாகன் செயலியில் காட்டினால் செல்லும். ஆனாலும் நகல் ஒரு செட் வண்டியில் இருக்கட்டும். நள்ளிரவில் காட்டுப் பகுதியில் சிக்னல் இருக்காது. வாகன எண்ணைப் போட்டு இ-சலான் பாக்கி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பழைய சலான்கள் நிலுவையில் கிடந்தால் புதுப்பிக்கும் வேலைகள் அங்கேயே நின்றுவிடும்.

எடை: பிழை நடக்கும் இடம்

ஆர்.சி.யில் இரண்டு எண்கள் இருக்கும்: மொத்த எடை, வெற்று எடை. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் ஏற்றக்கூடிய சரக்கு வந்துவிடும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். தாளில் சரி. எடை மேடையில் சரிவராது.

உதாரணமாக, மொத்த எடை 28,000 கிலோ, வெற்று எடை 9,600 கிலோ என்று ஆர்.சி. சொல்கிறது. கழித்தால் 18,400. 90 கிலோ மூட்டையாக 204 ஏற்றலாம் போலத் தோன்றும். ஆனால் டேங்க் நிறைய டீசல், ஆட்ப்ளூ (புகையைச் சுத்தமாக்கும் திரவம்), மூன்று தார்ப்பாய், கயிறு, ஸ்டெப்னி, ஜாக்கி, கட்டை, அடுப்புச் சாமான், இரண்டு ஆட்கள், இவ்வளவோடும் காலி வண்டியை மேடையில் ஏற்றினால் 10,250 காட்டும். சாக்கின் எடை தனி. மூட்டைக்கு முக்கால் கிலோ என்று வையுங்கள். இப்போது 204 மூட்டை ஏற்றினால் 28,000-ஐத் தாண்டி 750 கிலோவுக்கு மேல் போய்விடும். யாரும் வேண்டுமென்று ஓவர்லோடு ஏற்றவில்லை. ஆனாலும் அபராதம் ஒன்றுதான்.

சரியான முறை: பயணத்துக்குத் தயாரான நிலையில் காலி எடை போடுங்கள். 28,000-இலிருந்து அதைக் கழியுங்கள். அதில் இன்னும் 200 கிலோ விடுங்கள். மேடைக்கு மேடை வித்தியாசம் வரும், மழையில் தார்ப்பாயும் கயிறும் சாக்கும் நனைந்து கனக்கும். நம் உதாரணத்தில் மிஞ்சுவது 17,550 கிலோ, அதாவது 193 மூட்டை. லோடு ஏற்றியதும் மறுபடி எடை போட்டு, இரண்டு சீட்டையும் பயணம் முடியும்வரை வைத்திருங்கள்.

ஓவர்லோடுக்கு மோட்டார் வாகனச் சட்டம் 194-ஆம் பிரிவில் 20,000 ரூபாய், மேலதிகமான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். கூடுதல் சரக்கை இறக்கிய பிறகே வண்டி நகரும். அந்த இறக்குக் கூலி, இன்னொரு வண்டி வாடகை எல்லாம் உங்கள் தலையில். எடை போட மறுத்து ஓடினால் 40,000. பாடிக்கு வெளியே பக்கவாட்டிலோ பின்னாலோ சரக்கு நீட்டிக்கொண்டிருந்தால் அதற்குத் தனியாக 20,000. "ரெண்டு டன் சேத்துப் போடுங்க, வழியில பாத்துக்கலாம்" என்று புரோக்கர் சொன்னால், வழியில் நிற்கப் போவது அவர் அல்ல என்பதை நினைவில் வையுங்கள்.

மொத்த எடை சரியாக இருந்தாலும் ஒவ்வோர் அச்சிலும் (ஆக்சில்) விழும் பாரம் பிசகலாம். மூட்டைகளை கேபின் பக்கம் நெருக்கி அடுக்கினால் முன் அச்சில் பாரம் ஏறும். வால் பக்கம் தள்ளினால் ஸ்டீயரிங் லேசாகி, ஈரச் சாலையில் முன்சக்கரம் பிடிக்காது. கேபினை ஒட்டித் தொடங்கி, தரை முழுக்கச் சம உயரத்தில் பரப்பிக்கொண்டு வருவதே நல்லது. டோல்கேட் எடைத் தளத்தின் மேல் மெதுவாக, ஒரே வேகத்தில் போங்கள். அதன்மேல் பிரேக் போட்டால் பாரம் முன்னால் சாய்ந்து தப்பான எண் விழும்.

லோடு ஏற்றுவது

ஜவ்வரிசி உணவுப் பொருள். முந்தைய லோடு உரமோ ரசாயனமோ என்றால் பாடியைக் கழுவிக் காயவிடுங்கள். வாடை பிடித்த சரக்கை வாங்குபவர் திருப்பி அனுப்புவார். தரையில் ஆணித் தலை நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். அடியில் ஒரு பழைய தார்ப்பாய், மேலே இரண்டு. நடுவில் மேடு வரும்படி கடைசி வரிசையை அடுக்கினால் மழைநீர் வழிந்துவிடும். நடுவில் பள்ளம் விட்டால் அங்கே தண்ணீர் குளம் கட்டி, தையல் வழியாகச் சொட்டி, கீழே நாலு மூட்டையைக் களியாக்கிவிடும்.

மூட்டைகள் ஓட ஓட அமுங்கும். அதனால் முதல் 50 கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்திக் கயிறை இழுத்துக் கட்டுங்கள். பிறகு ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு சுற்று.

சரக்கின் தாள்கள்

மூன்று: இன்வாய்ஸ், எல்.ஆர். (லாரி ரசீது), ஈ-வே பில் (சரக்கு நகர்வுக்கு ஜி.எஸ்.டி. தளத்தில் எடுக்கும் மின்னணு பில்). வடக்கே எல்.ஆரைப் 'பில்டி' என்பார்கள். கேட்டால் குழம்ப வேண்டாம். 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட, வரிவிலக்கு இல்லாத சரக்குக்கு ஈ-வே பில் கட்டாயம்.

அதில் ஏ, பி என்று இரண்டு பகுதி. சரக்கு விவரம் ஏ-யில், வண்டி எண் பி-யில். பி பகுதி நிரப்பாத பில்லோடு மாநிலம் தாண்டினால் அது பில்லே அல்ல. செல்லுபடிக் காலம் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள். 2,300 கிலோமீட்டருக்கு 12 நாள். பி பகுதியை முதலில் நிரப்பியது முதல் கணக்கு ஓடும். முதல் நாள் முடிவது மறுநாள் நள்ளிரவில். திங்கள் மாலை 4 மணிக்கு எடுத்த பில், அடுத்த வாரம் சனிக்கிழமை நள்ளிரவு வரை உயிரோடு இருக்கும்.

12 நாள் தாராளம்தானே என்று தோன்றும். ஓட்டத்தில் யாருக்கும் அது தீர்வதில்லை. கியர்பாக்ஸ் உடைந்து நாக்பூரில் ஐந்து நாள் கிடந்தாலோ, வாங்குபவரின் குடோன் வாசலில் பண்டிகை விடுமுறைக்கு நின்றாலோதான் தீரும். சரக்கு இறங்கும்வரை பில் உயிரோடு இருக்க வேண்டும். முடியும் நேரத்துக்கு 8 மணி நேரம் முன்னும் 8 மணி நேரம் பின்னும் மட்டுமே நீட்டிக்க முடியும். அதைத் தவறவிட்டால் வழி இல்லை. எனவே முடியும் தேதியையும் நேரத்தையும் டிரைவர் கண்ணில் படும்படி கேபினில் எழுதி ஒட்டுங்கள். உங்கள் போனில் ஒருநாள் முன்னதாக அலாரம் வையுங்கள். வண்டி பழுதாகி வேறு வண்டிக்குச் சரக்கு மாற்றினால், நகர்த்தும் முன்பே பி பகுதியில் புது எண்ணைப் போட வேண்டும்.

பில் இல்லாமலோ காலாவதியாகியோ பிடிபட்டால், சரக்குக்கு உரியவர் முன்வந்து கட்டும்போது வரியைப் போல் இருமடங்கு அபராதம். 5 சதவீத வரியுள்ள 8 லட்சம் ரூபாய்ச் சரக்குக்கு 80,000. அவர் முன்வராவிட்டால் இன்னும் கூடும். அதே சமயம், வண்டி எண்ணில் ஓரிரு எழுத்துப் பிழை, பின்கோடு பிழை போன்ற சில்லறைத் தவறுகளுக்கு 2018 செப்டம்பர் ஜி.எஸ்.டி. சுற்றறிக்கைப்படி மொத்தம் 1,000 ரூபாய்தான். பெரிய தொகை கேட்டு மிரட்டினால் அந்தச் சுற்றறிக்கையைச் சுட்டிக்காட்டுங்கள், எண் 64/38/2018.

டிரைவர் அறிந்திருக்க வேண்டியது இன்னும் இரண்டு. சோதனைக்கு நிறுத்தி 30 நிமிடத்துக்கு மேல் வைத்திருந்தால், அதை ஈ-வே பில் தளத்திலேயே பதிவு செய்ய நமக்கு உரிமை உண்டு. வழியில் ஓரிடத்தில் சரக்கை முழுதாகச் சோதித்துவிட்டால், குறிப்பான துப்பு இல்லாமல் மறுபடி அவிழ்த்துப் பார்க்கக் கூடாது. முதல் சோதனையின் அறிக்கை எண்ணை வாங்கி வைத்துக்கொண்டால்தான் இதைச் சொல்ல முடியும்.

ஒன்றில் கொஞ்சமும் இளகாதீர்கள். பில் இல்லாத ஒரு சின்னப் பொட்டலத்தைக் கூட "டெல்லியில என் மச்சான் வாங்கிக்குவான்" என்று யார் கொடுத்தாலும் வண்டியில் போடக் கூடாது. அதற்குள் என்ன இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது. மாட்டினால் வண்டியே பறிமுதலாகலாம்.

வாடகைப் பேச்சு

வாடகை, அட்வான்ஸ், மீதி எப்போது, ஏற்று இறக்குக் கூலி யாருடையது, எத்தனை மணி நேரத்துக்கு மேல் நின்றால் ஹால்டிங் (காத்திருப்புக் கூலி) எவ்வளவு: ஐந்தும் எழுத்தில் வரட்டும், வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் போதும். ஹால்டிங் பேசாமல் போனால் வண்டி இலவசக் குடோனாகிவிடும். சரக்குக்கான டிரான்சிட் இன்சூரன்ஸ் யார் எடுத்தது என்றும் கேளுங்கள். லாரி இன்சூரன்ஸ் ஜவ்வரிசிக்குப் பணம் தராது. பத்து அல்லது அதற்குக் குறைவான வண்டி வைத்திருப்பவர், பான் எண்ணோடு உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் வாடகையில் டி.டி.எஸ். (முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரி) பிடிக்க மாட்டார்கள். அந்தத் தாளை முதலிலேயே கொடுத்துவிடுங்கள். ஒரே நாளில் 35,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கொடுப்பவர் அதை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. அதனால் வங்கி வழியாகவே பேசுங்கள்.

நேரமும் டிரைவரும்

நாளுக்கு 8 மணி நேர வேலை, 5 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டாமல் இடையில் அரைமணி ஓய்வு என்று வைத்தால், லோடு வண்டி சராசரி 45 கிலோமீட்டர் போட்டு, டீசல், டோல், டீ நேரம் போக ஒரு டிரைவர் நாளுக்கு 330 கிலோமீட்டர்தான் ஓட்டுவார். டெல்லிக்கு ஏழு நாள். இரண்டு டிரைவர் மாறி மாறி ஓட்டினால் நாலரை, ஐந்து நாள். புக்கிங் ஆபீசில் "நாலு நாள்ல போயிடணும்" என்று ஒற்றை டிரைவர் வண்டிக்குச் சொன்னால் அந்தக் கணக்கு தூக்கத்திலிருந்துதான் வர வேண்டும். இரண்டாவது டிரைவரின் படியை வாடகையில் சேர்த்துப் பேசுங்கள், இல்லை ஏழு நாள் கேளுங்கள். அதிகாலை 2 முதல் 5 வரை வண்டி நிற்பது ஒற்றை டிரைவருக்கு எழுதாத விதியாக இருக்கட்டும்.

வழி, டீசல், டயர்

பெங்களூருக்குள் நுழையாமல் ஓசூர், ஹொஸ்கோட்டை, தேவனஹள்ளி வழியாகச் சுற்றி ஏறுங்கள். ஐதராபாத்தில் ஷம்ஷாபாத்தில் வெளிவட்டச் சாலை ஏறி மேட்சலில் இறங்கலாம். நாக்பூர் தாண்டியதும் சிவனி வரை பெஞ்ச் காட்டுப் பகுதி. விலங்குகள் கீழே கடக்க உயர்த்திக் கட்டிய சாலை அது; அங்கே ஓரம் கட்டக் கூடாது. டிசம்பர், ஜனவரியில் குவாலியரிலிருந்து டெல்லி வரை மூடுபனி. அந்த மாதங்களில் கணக்கில் ஒரு நாள் கூட்டுங்கள்.

லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்றால் போக 575 லிட்டர் டீசல், அதில் 5 சதவீதம் அளவுக்கு, ஏறக்குறைய 30 லிட்டர் ஆட்ப்ளூ. ஆட்ப்ளூ தீர்ந்தால் எஞ்சின் தானே இழுவையைக் குறைத்துக்கொள்ளும். தண்ணீர் கலந்து சமாளித்தால் செலவு பல மடங்காகும். ஆந்திரம், தெலங்கானாவில் டீசல் விலை பல ஆண்டுகளாகவே அண்டை மாநிலங்களைவிடக் கூடுதல். கர்நாடகத்தை விட்டு இறங்கும் முன் டேங்க் நிரப்பினால், 350 லிட்டர் டேங்க் அந்த இரண்டு மாநிலங்களையும் தாண்டி மகாராஷ்டிரம் கொண்டு சேர்க்கும். கிளம்பும் அன்று விலையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

டயர் காற்றைக் காலையில், வண்டி ஆறியிருக்கும்போது பாருங்கள். சூடான டயரில் அழுத்தம் கூடித் தெரிவது இயல்பு. அதைப் பார்த்துக் காற்று இறக்கினால் ஆறியதும் குறைந்துவிடும், வெடிப்பதற்கு அதுவே காரணமாகும். இரட்டை டயரில் உள்டயரைத்தான் யாரும் பார்ப்பதில்லை. அதில் காற்று குறைந்தால் வெளிடயர் இருவர் பாரத்தைச் சுமந்து சூடாகும். இடையில் சிக்கிய கல்லையும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் தட்டி எடுங்கள். பின்னால் சிவப்பு, பக்கத்தில் மஞ்சள் ஒளிர் ஸ்டிக்கரைத் தார்ப்பாய் மறைக்காமல் கட்டுங்கள்.

ஃபாஸ்டேக்கில் இருப்பு இல்லாமல் ரொக்கம் கொடுத்தால் இரட்டைக் கட்டணம். 2025 நவம்பர் 15 முதல் யுபிஐ-யில் கட்டினால் ஒன்றேகால் மடங்கு. ராஜ்மார்க்யாத்ரா செயலியில் வழி டோல்களைப் பார்த்துப் பணம் போடுங்கள். நெடுஞ்சாலையில் வண்டி நின்றுபோனால் 1033 எண்ணுக்கு அழையுங்கள். எச்சரிக்கை முக்கோணத்தைத் தூரத்தில் வையுங்கள். கல் அடுக்கினால், கிளம்பும்போது அதை எடுத்துப் போடாமல் போகாதீர்கள். அடுத்து வரும் பைக்காரருக்கு அந்தக் கல்லே எமன்.

டெல்லி வாசல்

இங்கேதான் தெற்கத்தி வண்டிகள் அதிகம் திணறுகின்றன. பி.எஸ். என்பது எஞ்சின் புகைக்கான தர அளவு. டெல்லிப் பதிவு இல்லாத பி.எஸ்.3-உம் அதற்குக் கீழும் உள்ள சரக்கு வண்டிகளுக்கு 2025 நவம்பர் 1 முதல் உள்ளே இடமில்லை. பி.எஸ்.4 வண்டிகளுக்கு 2026 அக்டோபர் 31 வரைதான் தவணை. குளிர்காலத்தில் காற்று மாசு உச்சத்துக்குப் போனால் தடை இன்னும் இறுகும். லோடு பேசும்போதே உங்கள் ஆர்.சி.யில் எந்த பி.எஸ். என்று பாருங்கள். உள்ளே நுழைய மாநகராட்சியின் தனி டேக்கும் வேண்டும். அது ஃபாஸ்டேக் அல்ல. சுற்றுச்சூழல் ஈட்டுக் கட்டணமும் அதில்தான் பிடிப்பார்கள். பெரிய வண்டிகளுக்குக் காலையும் மாலையும் நெரிசல் நேரத்தில் தடை. இரவு 11 மணிக்குப் பிறகு நுழைந்து விடிவதற்குள் குடோன் சேர்வதுபோல், டெல்லிக்கு முன் ஹரியானாவில் இருக்கும் பல்வலில் நேரம் பார்த்துக் கிளம்புங்கள். லோடு பஞ்சாபுக்கோ சோனிபட்டுக்கோ என்றால் டெல்லியைத் தொடவே வேண்டாம். பல்வலில் பெரிபெரல் எக்ஸ்பிரஸ்வேயில் ஏறினால் சுமார் 135 கிலோமீட்டரில் குண்ட்லியில் இறங்கலாம்.

இறக்கும்போது மூட்டை எண்ணிக்கையை டிரைவரும் சேர்ந்து எண்ண வேண்டும். எல்.ஆர். நகலில் கையெழுத்து, முத்திரை, தேதி, வண்டி வந்த நேரம், இறக்கி முடித்த நேரம் எல்லாம் வாங்குங்கள். மூட்டை நனைந்திருந்தால் "சரக்கு சேதம்" என்று பொதுவாக எழுத விடாமல் "3 மூட்டை நனைந்தது" என்று எண்ணோடு எழுதச் சொல்லுங்கள். பொதுவாக எழுதிய வரிக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கழிப்பார்கள். அங்கேயே படம் எடுத்து அனுப்பிவிட்டு மீதி வாடகையைக் கேளுங்கள்.

ரிட்டன் லோடுக்கும் எடை, பில், தேதி எல்லாம் முதலிலிருந்து இதே கணக்குதான். ஒன்று மட்டும் புதிது: போகும்போது ஏறிய தொப்பூர் கணவாய், வரும்போது இறக்கம். தர்மபுரி தாண்டி, ஊர் வந்துவிட்டது என்ற நினைப்பில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவார்கள். பாரம் முழுவதும் பிரேக்கின் மேல் விழும், டிரம் சூடேறி லைனிங் பிடிப்பு விட்டுப்போகும். இறக்கம் தொடங்கும் முன்பே நிறுத்தி, பிரேக்கின் காற்றழுத்த மீட்டரைப் பாருங்கள். அந்த ஏற்றத்தில் எந்தக் கியரில் ஏறியதோ அதே கியரில், எக்ஸாஸ்ட் பிரேக்கோடு, இடப்பக்கமாகவே இறக்குங்கள்.